முப்பத்தொன்றில் நின்றுபோன டிவி

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதம், குற்றாலத்தில் எல்லா அருவியிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, நம்ம தென்காசியில் நடந்த விஷயம் இது.

போன வாரம் பெரியவள் காலேஜுக்காக ஒரு புரோகிராம் எழுதி, இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாரேன்ட்டி" என்றேன். "ஓடுதுல்லாப்பா, போதும்" என்று எழுந்து போய்விட்டாள். அதே வார்த்தையை நானும் சொன்னவன்தான். அதனால் என்ன ஆனது என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

நான் படித்தது பிளஸ் டூ. அதற்கு மேல் படிக்க வசதி இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் கற்றுக்கொண்டது தவிர மற்றதெல்லாம் கடையில் உட்கார்ந்து, பழுதுக்கு வந்த கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பார்த்து, வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டது. சி ஷார்ப் என்கிற மொழியில் புரோகிராம் எழுதுவதும் அப்படித்தான் வந்தது. என் வேலையை நானே குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் நான் எழுதிக் கொடுத்தவை இன்றைக்கும் எத்தனையோ இடத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்படி எழுதியதில் ஒன்று, குற்றாலம் ரோட்டில் இருக்கும் ஒரு கிளினிக்கில் டோக்கன் எண் காட்டும் டிவி. அங்கே மூன்று டாக்டர்கள், மூன்று அறைகள். வாசலில் ஒரு பட்டன் பெட்டி. அமுக்கினால் எந்த டாக்டர், என்ன எண் என்று சீட்டு வரும். உள்ளே சுவரில் பெரிய டிவி. அதில் மூன்று கட்டம். உங்கள் எண் வந்தால் உங்கள் கதவுக்குப் போகலாம். முதல் நாள் நானே நின்று மேனேஜருக்குச் செய்து காட்டினேன்.

"ஒருத்தரும் வாயைத் தொறக்க வேண்டாம் சார். பட்டனை அமுக்கணும், சீட்டை எடுக்கணும், டிவியைப் பாக்கணும். அவ்வளவுதான்."

அந்தப் பெருமைப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சீசன் தொடங்கியதும் கூட்டம் கூடியது. அருவியில் குளித்துக் காய்ச்சலோடு வந்த வெளியூர்ப் பிள்ளைகள், வழுக்கி விழுந்தவர்கள் என்று உட்கார இடமில்லை. மேனேஜர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நம்பர் மாறுறது கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. மினுக்கு மினுக்குன்னு ஏதாவது செய்யுங்களேன்" என்றார். செய்தேன். எண்ணைச் சுற்றி ஒரு பச்சை வட்டம், நொடிக்கு ஒரு தடவை எரிந்து அணையும்.

இங்கேதான் கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பெரியவளுக்குப் புரியும், சின்னவனும் கேட்டுக்கொள்ளட்டும். சி ஷார்ப்பிலேயே வட்டம் வரையலாம். ஆனால் கிளினிக்கில் இருந்தது பழைய கம்ப்யூட்டர். வட்டம் இழுத்து இழுத்து வந்தது. அதனால் விண்டோஸுக்கு அடியில் வெகுகாலமாக இருக்கிற வரைகலை ஃபங்ஷன்களை, என் புரோகிராமிலிருந்து நேரடியாகக் கூப்பிட்டேன். இணையத்தில் யாரோ போட்டிருந்த மாதிரியைப் பார்த்து எழுதினேன். சரசரவென்று வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நம் வீட்டு விசேஷத்தை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுப் பாத்திரத்தை எங்கே போட்டாலும் உங்கள் அம்மாவோ சித்தியோ எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். சி ஷார்ப்புக்குள் நடப்பதும் அதுதான். உபயோகித்துவிட்டு விட்டதை அதுவே பார்த்து ஒதுக்கிவிடும். ஆனால் வாடகைக் கடையில் எடுத்த அண்டாவை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? எடுத்தவன்தான் கொடுக்க வேண்டும். அடியில் இருக்கிற ஃபங்ஷன்களைக் கூப்பிட்டு வாங்குவதெல்லாம் வாடகைப் பாத்திரம். நான் ஒவ்வொரு நொடியும் எண்ணையும் வட்டத்தையும் வரைவதற்கு ஒரு பலகையை வாங்கினேன். திருப்பிக் கொடுக்கிற ஒரு வரியை எழுதவில்லை.

ஒரு புரோகிராமுக்குப் பத்தாயிரம் பாத்திரம்தான் என்று அந்த வாடகைக் கடையில் ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் கேட்டால் கடைக்காரர் சத்தம் போட மாட்டார். வெறுங்கையை விரிப்பார். சி ஷார்ப்பில் தவறு நடந்தால் புரோகிராம் அலறிக்கொண்டு நின்றுவிடும். அடியில் இருப்பவை அப்படியல்ல. பேசாமல் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். அதைக் கவனிக்க வேண்டியது நாம்தான். நான் பார்த்து எழுதிய மாதிரியில், 'பூஜ்யம் வந்தால் வரையாமல் திரும்பிவிடு' என்று இருந்தது. அதையும் அப்படியே எழுதிவைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கடையில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அழகாக மினுக்கியது. சாயங்காலம் கிளினிக்கில் ஏற்றினேன். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போங்களேன்" என்று மேனேஜர் சொன்னார். "ஓடுதுல்லா சார், போதும்" என்று வந்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. கிளினிக் கவுண்டரில் இருக்கும் பெண்.

"அண்ணாச்சி, உங்க டிவி எப்போருந்துன்னு தெரியல, கண் டாக்டருக்கு முப்பத்தொண்ணுலயே நிக்குது. கூட்டத்துல நாங்க யாரும் அதைப் பாக்கல. வாயாலதான் கூப்பிட்டு அனுப்பிக்கிட்டு இருந்தோம். இப்பத்தான் பாக்கேன், இங்கன ஒரு அண்ணாச்சி முப்பத்தெட்டாம் நம்பரை வச்சுக்கிட்டு உக்காந்தே இருக்காரு. அவருக்குக் காது கேக்காது, பேசவும் வராது. நான் மூணு தடவை கூப்பிட்டு, ஆள் இல்லைன்னு எழுதிட்டேன். டாக்டரும் போயிட்டாரு."

கை ஈரத்தோடு கிளம்பினேன்.

கூடம் காலியாக இருந்தது. ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சீட்டைக் கையில் பிடித்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் 31. வட்டம் மினுக்கவில்லை.

கவுண்டர் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். அவர் எழுதியது. கீழப்பாவூர்க்காரர். நைட்டி தைக்கும் கூடத்தில் பட்டன் துளை போடும் மெஷின் ஓட்டுகிறார். நேற்றுக் காலையிலிருந்து இடது கண்ணில் மின்னல் மாதிரி வெட்டுகிறது. ஓரத்திலிருந்து கறுப்பாகத் திரை இறங்குகிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'இங்கே டிவியில் நம்பர் வரும், யாரிடமும் கேட்க வேண்டாம் என்று சொன்னார்கள். அதனால் வீட்டுக்காரியைக் கூட்டாமல் தனியாக வந்தேன்.'

அந்த வரியைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு எழுதிக் காட்ட வராது.

"அண்ணாச்சி, திரை இறங்குதுன்னு யாராவது சொன்னா, நம்பர் பாக்காம முதல்ல உள்ள விடணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. பட்டன் பெட்டி வந்தப்புறம் யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லுறதில்ல. எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கவுண்டர் பெண்.

"டாக்டர் கிளம்பி எவ்வளவு நேரமாச்சு?"

"இருவது நிமிஷம் இருக்கும். போன் அடிச்சுப் பாத்துட்டேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாரு. ஊர்ல மத்த கண் டாக்டருங்க எல்லாம் ஆறு மணிக்கு மேலதான் வருவாங்க."

அந்தக் கண் டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருபவர்.

"எந்த வழியா போவாரு?"

"புளியறை வழிதான். அங்கன செக்போஸ்ட்டுக்கு முன்னால ஒரு கடையில சாயா குடிக்காம மலையேற மாட்டாரு. வெள்ளைக் கார்."

நான் நோட்டில், 'டாக்டரைப் பிடித்துவிடலாம், என்னோடு வாருங்கள்' என்று எழுதினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சீட்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

பைக் ஓட்டுவதில் எனக்கு என்றுமே பயம் கிடையாது, உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பிடித்துவிடுவேன் என்று நிச்சயமாக நம்பினேன். செங்கோட்டை தாண்டும்வரை சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. அதற்கப்புறம் லாரிகள். வைக்கோல், காய்கறி, மணல் என்று புளியறை வரை ஓரமாக வரிசை கட்டி நின்றன. நான் அவற்றை இடதுபக்கம் விட்டு ஏறிப் போனேன். ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும், என் சட்டையைப் பிடித்திருந்த அவர் கை திடீரென்று இறுகியது. ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று முதலில் நினைத்தேன். நாலைந்து லாரி போன பிறகுதான் விளங்கியது. இடது கண்ணில் திரை. காதும் கிடையாது. அவ்வளவு பெரிய லாரி, பக்கத்தில் வந்த பிறகுதான் அவருக்கு இருக்கிறது.

வேகத்தைக் குறைத்தேன். குறைத்தும் பிடித்துவிட்டோம். கடை வாசலில் வெள்ளைக் கார். டாக்டர் ஒரு கையில் பழம்பொரி, ஒரு கையில் சாயாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க முப்பத்தெட்டாம் நம்பர்" என்றேன். மூச்சு வாங்கியதில் வேறு எதுவும் வரவில்லை.

"முப்பத்தெட்டு ஆளில்லன்னு பறஞ்ஞாங்களே" என்று நிமிர்ந்தார். நோட்டை வாங்கிப் படித்தார். சாயா டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டார். காரிலிருந்து பையை எடுத்து வந்து, கடைக்குள் இருட்டான மூலையில் அவரை உட்காரவைத்து, விளக்கு உள்ள கருவியால் கண்ணைப் பார்த்தார். நல்ல கண்ணைப் பொத்தி, விரலை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி, எப்போது தெரிகிறது என்று தலையாட்டச் சைகை காட்டினார். வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றார். டாக்டரின் விரல் மூக்குக்கு நேராக வரும்வரை அவர் தலையாட்டவில்லை.

"விழித்திரை விட்டுப் போகுது. நடுவுல இன்னும் ஒட்டியிருக்கு. இன்னைக்கே திருநெல்வேலி போகணும். நாளைக்குன்னா நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். உடனே என்னைப் பார்த்து, "பைக்கிலயா கொண்டு வந்தது? இனி குலுக்கக் கூடாது. கார் பிடிங்க" என்றார். கடைக்காரர் அதற்குள் செங்கோட்டைக்குப் போன் போட்டு டாக்ஸிக்குச் சொல்லிவிட்டார்.

டாக்டர் தனக்குத் தெரிந்த சர்ஜனிடம் பேசி முடித்த கையோடு, கிளினிக் பெண்ணையும் கூப்பிட்டார். "ஒரு மனுஷன் நாலு மணி நேரமா உக்காந்திருக்கான். கண்ணு வச்சு நோக்க மாட்டியா நீ? என்ன வேலை பாக்குற?" என்று சத்தம் போடத் தொடங்கினார். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது.

பிள்ளைகளே, நான் சும்மா நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அங்கே இருந்தவர்களுக்கு நான் ஒரு நோயாளியைப் பைக்கில் கொண்டுவந்து சேர்த்த நல்ல மனிதன். கடைக்காரர் எனக்குக் காசு வேண்டாமென்று சாயா வேறு கொடுத்திருந்தார்.

"சார், அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. டிவி நின்னுபோச்சு. அந்த புரோகிராம் எழுதுனது நான்தான். சரியா ஓட்டிப் பாக்காம விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன்.

டாக்டர் போனைக் கீழே இறக்கினார். "நீங்களா?" என்றார். கடையே திரும்பிப் பார்த்தது. அவரிடம் சொல்லியாகிவிட்டது. உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. நோட்டை வாங்கி, 'டிவி நின்றது என் தப்பு. அதைச் செய்தவன் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி நீட்டினேன்.

அவர் நல்ல கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். பிறகு பேனாவை வாங்கி எழுதினார்:

'31ஆம் நம்பர்காரருக்கு நாலைந்து கண் இருக்கும் போல, டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.'

டாக்டர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. கீழப்பாவூர்க்காரர் நோட்டைத் திரும்ப வாங்கி இன்னொன்று எழுதினார். அது டாக்டருக்கு: 'மெஷின் ஓட்ட முடியுமா?' டாக்டர் பதிலை வாயால் சொல்லவில்லை. அவரும் எழுதினார்: 'இன்றே போனால் முடியும் என்று நம்புகிறேன்.' போலீஸ்காரர் ஒருவர் செக்போஸ்ட்டிலிருந்து இறங்கி வந்து டாக்ஸி திரும்புவதற்கு லாரிகளை ஒதுக்கிவிட்டார்.

நான் பைக்கில் பின்னாலேயே வந்தேன். கிளினிக் பெண் போனில் சொல்லியிருந்ததால், தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவி காத்திருந்தார். அவருக்கும் நான் சொன்னேன். அந்த அம்மா, "இதெல்லாம் பொறவு பேசுவோம், வழியை விடுங்க" என்று காரில் ஏறிக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.

கார் திருநெல்வேலி ரோட்டில் மறைந்ததும் நேராக கிளினிக்குக்குப் போனேன். கம்ப்யூட்டரை யாரும் அணைத்திருக்கவில்லை. எந்த புரோகிராம் எத்தனை வரைகலைப் பொருட்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் இடம் விண்டோஸில் உண்டு. திறந்து பார்த்தேன். என் புரோகிராமின் பெயருக்கு நேராகப் பத்தாயிரம். நொடிக்கு ஒன்று வீதம், எட்டு மணிக்குத் தொடங்கியது பதினொன்றுக்குள் தீர்ந்துபோயிருக்கிறது. அரைமணி ஓட்டிப் பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்?

திருத்தியது ஒரே வரி. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற வரி. அதோடு நான் விடவில்லை. இனி எப்போதாவது பூஜ்யம் வந்தால், புரோகிராம் பேசாமல் திரும்பாது. டிவி முழுக்கச் சிவப்பாகி, 'எண் நின்றுவிட்டது, கவுண்டருக்கு வாருங்கள்' என்று எழுதிக் காட்டும். கவுண்டர் பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் இனிமே கூப்பிட்டு வரலைன்னா, எழுந்து வந்து சீட்டைப் பாப்பேன் அண்ணாச்சி" என்றாள்.

"நீ திட்டு வாங்குனதுக்கு நான் என்ன செய்ய?" என்றேன்.

"அதான் டாக்டரே மறுபடி கூப்பிட்டாரே. உங்களையும் சேத்துத்தான் ரெண்டு திட்டு திட்டுனாரு" என்றாள். அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

கீழப்பாவூர்க்காரரின் கண் பிழைத்தது. அன்றைக்கே சேர்த்து அசையாமல் படுக்கவைத்தார்கள், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இரண்டு மாதம் கழித்துக் கீழப்பாவூரில் அவர் வேலை பார்க்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் மங்கல் இருக்கிறது, மெஷினுக்கு அது இடைஞ்சல் இல்லை என்று எழுதிக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்த மெஷினில் என் கையைப் பிடித்து வைத்தார். சத்தம் கேட்காதவருக்கு அது நன்றாக ஓடுகிறதா என்பது அந்த அதிர்வில்தான் தெரியுமாம். தினமும் காலையில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் துணியை வைப்பாராம். என்னைவிட நல்ல தொழில்காரர்.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் விடுமுறை. குற்றாலத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி நீங்கள் இரண்டு பேரும் அடம் பிடித்தீர்கள், வேலை இருக்கிறது என்று நான் கிளம்பினேனே, அந்த ஞாயிறு. வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். எட்டு மணிக்கு புரோகிராமை ஓடவிட்டேன். எண்கள் தானாக மாறும்படி செய்து வைத்திருந்தேன். எத்தனை பொருள் பிடித்திருக்கிறது என்று காட்டும் இடத்தை மூடிவிட்டேன். பிறகு ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில், அவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, கொண்டு வந்திருந்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன்.

சத்தம் முழுதாகப் போகவில்லை, மங்கியது. ஃபேன் சுற்றியது, ஆனால் சுற்றுகிற மாதிரித் தோன்றவில்லை. ஜன்னல் கண்ணாடியில் சாரல் வழிந்தது. பார்ப்பதற்கு அந்த டிவியைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒன்பதரை மணிக்கே முதுகு வலித்தது. பத்தரைக்கு, எண் நின்றுவிட்டதோ என்று இரண்டு தடவை பயந்து எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பத்தே முக்கால் தாண்டியது. பச்சை வட்டம் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. பதினொன்றும் தாண்டியது. அன்றைக்கு அவர் அங்கிருந்து எழுந்த நேரம்வரை நானும் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டரை மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, 'ஓடுகிறது' என்று எனக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டினேன். அந்தச் சொல்லைச் சொல்வதற்கு எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.